பருப்பு இரண்டு விசிலில் வெந்த வீடு

நீங்கள் வீடுகளுக்கு எடுத்துப் போகும் படிவத்தில் பதினைந்து கேள்விகள் அச்சில் இருக்கும். பதினாறாவது மட்டும் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக இருக்கும். அது நான் சேர்த்தது: 'போன முறை நாங்கள் வந்த பிறகு இந்தத் தண்ணீரைப் புதிதாக எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள்?' போன வாரம் உங்களில் ஒருவர், "இது எதுக்குக்கா? ஏழாவது கேள்வியும் அதேதான" என்று கேட்டீர்கள். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இந்த மாதத்தோடு நான் போய்விடுவதால், அந்த அப்புறம் இப்போதுதான்.

ஆறு வருடம் இங்கே இருந்தேன். இனி வேறு ஊரில், ஓர் ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை. சொட்டு எண்ணுவது, மீட்டரைக் கழுவி வைப்பது, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷினுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை உப்பு போடுவது எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத இரண்டை மட்டும் எழுதுகிறேன். ஒன்று சின்னது.

சேர்ந்த இரண்டாவது மாதம், வேங்கிக்காலில் புதுவீடு கட்டிய ஒருவர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சோதித்தேன். கடினத்தன்மை மிகக் குறைவு. "உங்களுக்கு மெஷினே வேணாம் சார்" என்று சொல்லி அனுப்பினேன். நேர்மையாக நடந்துகொண்டோம் என்று அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவர் கீசர் காயிலைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். விரல் பருமனுக்கு வெள்ளைப் படலம் ஏறி, கருகிப் போயிருந்தது.

"நல்ல தண்ணினு சொன்னீங்களே மேடம். இன்னா இது?"

வீட்டுக்குப் போய்க் கேட்டதில் அவர் மனைவி சொன்னார்: "ஆபீசுக்குப் போற தண்ணியாச்சே, நல்லதா இருக்கட்டும்னு கேன்ல இருந்து புடிச்சுக் குடுத்தேன்."

அவர் செய்தது மரியாதை. பாட்டிலை வாங்கிக்கொண்டு எந்தக் குழாயில் பிடித்தது என்று கேட்காமல் விட்டது என் தப்பு. எனவே, சாம்பிளை நீங்களே பிடியுங்கள். அவ்வளவுதான். இதை நினைத்து இப்போதும் சிரிக்க முடிகிறது. அடுத்ததை நினைத்து முடியவில்லை.

அது இன்னொரு வீடு. அங்கே இரண்டே பேர். ஐயா பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். வெளியூரில் வேலை செய்யும் மகன் வேங்கிக்காலில் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போர் தண்ணீர் மட்டும்தான். குழாய் முனைகளில் வெள்ளையாகக் காறை பிடித்திருந்தது. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்களில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரவென்று இருந்தது. துணி துவைக்கும் மெஷின் இரண்டு முறை ரிப்பேர். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை.

அம்மாவுக்குப் பெரிய குறை பருப்புதான். "எட்டு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாவே நிக்குதும்மா. இவரு இன்னாடான்னா எனக்குக் கை மாறிடுச்சுங்கறாரு."

"கை மாறலனா வேற இன்னா? அதே கடை பருப்புதான" என்றார் ஐயா.

சோதிக்கும்போது அவர் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குப்பியில் தண்ணீர் சிவப்பாக இருக்கும். அது நீலமாக மாறும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும் என்று சொன்னேன். அவரே சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார். முப்பதைத் தாண்டியும் நிறம் மாறவில்லை.

"இன்னா பாப்பா, ஸ்டாப்பிங்கே வராதா இதுக்கு?"

ஒருவழியாக நீலம் வந்ததும், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி "ஹோல்டான்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

ஏழாவது கேள்வி: குடிக்க எந்தத் தண்ணீர்? "கேன் தண்ணிதாம்மா" என்றார் அம்மா. சமையலறை மூலையில் ஸ்டாண்டின்மேல் கேன் இருந்தது. சரி என்று டிக் அடித்தேன். அந்த டிக் அன்றைக்கு உண்மை.

மெஷின் பொருத்தப் போனது பௌர்ணமி அன்று. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் மதியத்துக்குமேல் வண்டி எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாதது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். நம் கையேட்டில், சமையலறைக் குழாய்க்கு மெஷினுக்குள் போகாத தனி லைன் விடச் சொல்லி ஒரு வரி உண்டு. எங்கள் பிளம்பர் அண்ணன் அதை மறக்கவில்லை.

"மேடம், கிச்சனுக்குத் தனி லைன் உட்டுடலாமா? ரெண்டு டைல்ஸ் உடைக்கணும். ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி ஆவும்."

"டைல்ஸ உடைக்கறதா? வேணாம்மா, புது வீடு" என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். குடிப்பது கேன் தண்ணீர்தானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். "விட்டுடுங்கண்ணா, எல்லாத்துக்கும் ஒரே லைனா குடுத்துடுங்க" என்றேன். 'குடிப்பதற்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையை அம்மா கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து முதல் சர்வீஸ். அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பருப்பு ரெண்டே விசில்மா. கொழஞ்சு போவுது. சோப்பு தொட்டா நுரை வருது. இவரு இப்ப வாயத் தொறக்கறதில்ல." காபி கொடுத்தார். நன்றாக இருந்தது. குக்கரைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். முதலாளி அதைக் கம்பெனி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கருத்து எழுதும் இடத்தில், 'பருப்பு இரண்டு விசிலில் வேகிறது. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி' என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: அப்படியென்றால் சமையல் முழுக்க இதிலேயா அம்மா? காபியும் இதிலேயா? கேட்கவில்லை. பாராட்டு வரும்போது நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

அதற்கு அடுத்தடுத்த மாதங்களில் ஒரு பௌர்ணமி அன்று அம்மா போன் செய்தார். கூட்டத்துக்கு நடுவில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

"தண்ணி நாக்குல லேசா கரிக்கிற மாதிரி இருக்குதும்மா."

"மெஷினக் கழுவுற ரின்ஸ இன்னும் பத்து நிமிஷம் ஓட விடுங்கம்மா. சரியாப் போயிடும்."

சரியான பதில். மெஷினைப் பற்றி மட்டும் பார்த்தால் சரியான பதில். தண்ணீர் நாக்குக்கு எப்படிப் போயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது மாத சர்வீசுக்குப் போனபோது ஐயா ஹாலில் நாற்காலியில் இருந்தார். கால்கள் ஸ்டூலின்மேல். கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு வீக்கம். பேசினாலே மூச்சு வாங்கியது. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூட்டி வந்தோம் என்றார் அம்மா. ஐயாவுக்கு முன்பிருந்தே இதயம் பலவீனம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தாராம். அன்றுதான் எனக்கு அது தெரியவந்தது என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

"என் செருப்ப ஒளிச்சு வச்சுட்டா பாப்பா" என்றார் ஐயா.

"ஒளிக்காம? அரை ஸ்பூன் அளந்து சமைக்கிறேன். அப்பளம் இல்ல, ஊறுகா இல்ல, கருவாட்ட வீட்டுக்குள்ளயே உடறதில்ல. டாக்டர் என்னைக் கேக்கறாரு, உப்பு எங்கிருந்துதான் உள்ள போவுதுனு. சாயந்தரமானா டீக்கடைக்கு வாக்கிங் போறாரே, அங்க பஜ்ஜி தின்னுட்டு வாயத் தொடச்சுக்கிட்டு வராரு. கேட்டா தின்னலங்கறாரு."

"சத்தியமா தின்னல பாப்பா. முப்பது வருசம் பஸ்ல எவன் பொய் சொல்றான்னு பாத்தவன் நானு. நான் பொய் சொல்வனா? நீயாவது நம்பு."

நான் சிரித்தேன். "அம்மாவ ஏமாத்த முடியுமா ஐயா?" என்றேன். அம்மாவும் சிரித்தார். ஐயா எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு மெஷினைத் திறந்து, தொட்டியில் உப்பு தீர்ந்திருப்பதைப் பார்த்து, வண்டியிலிருந்து புது மூட்டையைத் தூக்கி வந்து கொட்டினேன். சாஃப்ட்னர் என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக உப்பில் இருக்கும் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சோடியம். முப்பது சொட்டுக்குமேல் எண்ணிய தண்ணீர் அது. அந்த வீட்டுக்குள் உப்பு எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உள்ளே போனவள் நான்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்து விசாரித்தார். "எங்க அப்பாக்கு பிரஷர் இருக்குது மேடம். உப்பு ஆவாது. மெஷின் தண்ணிய அவர் குடிக்கலாமா?"

"கூடாதுங்க, அவருக்குச் சமையலுக்குக்கூட" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. போனை எடுத்து, குக்கரோடு எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கேன் ஸ்டாண்டின்மேல் கேன் இல்லை. வெங்காயக் கூடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரி காகிதம் ஒட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கவும் முடிகிறது. உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு பட்டியல். அன்றைக்கு நான் காபி குடித்தது அதன் எதிரில் நின்றுதான். வரிசை நம்பர் போட்டு நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்ததுகூட ஞாபகம் வந்தது.

உடனே போனேன். இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கேன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவரு வெயிட் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கும் இடுப்பு வலி. பருப்பே இப்படி வேவுதே, இதவிட நல்ல தண்ணி எங்க இருக்குதுனு கேன நிறுத்திட்டேன். நான்தான் குடுத்தனா, எல்லாத்தையும்?"

"இல்லம்மா. நான் கேட்டிருக்கணும்."

ஐயா இதில் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் பஜ்ஜி தின்னல."

"இல்லங்கய்யா."

"எழுதிக் குடு."

"என்னங்கய்யா?"

"உங்க கம்பெனி பேப்பர்ல எழுதிக் குடு. தண்ணிலதான் உப்பு வந்துது, இவரு பஜ்ஜி தின்னலனு. வாய்ல சொன்னா இவ நம்ப மாட்டா. டிக்கெட்டு கைல இருந்தாதான் பேச முடியும் பாப்பா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "ஆபீஸ்ல கேட்டுட்டு எழுதித் தரேங்கய்யா" என்றேன்.

டாக்டர், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றாராம். மறுநாளே கேன் வந்தது. கடைக்காரர் ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டுப் போக ஏற்பாடு. அந்த வாரமே பிளம்பர் அண்ணனும் நானும் போய், டைல்ஸை உடைத்து, சமையலறைக்குத் தனி லைன் போட்டோம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் முதலாளி, "வாய்ல சொல்லிட்ட இல்ல, அதோட உடு. எழுத்துல குடுத்தா நாளைக்கு நம்ம தலைல வந்து விடியும்" என்றார். அவர் சொன்னது வியாபாரக் கணக்கில் நியாயம்தான். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். ஒரு வெள்ளைத்தாளில் என் பெயரில் எழுதிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தினமும் இருபது படிவம் எழுதுகிறவள். அந்த நான்கு வரியை எழுதவில்லை. எழுதினால் என் கையெழுத்தோடு என் தப்பு ஒரு தாளில் நிற்கும் என்று பயம். இப்போது அதை மறைக்க விரும்பவில்லை.

சில வாரங்களில் ஐயாவின் கால் வீக்கம் வடிந்தது. செருப்பு திரும்பி வந்தது. ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது டீக்கடையில் நின்றிருந்தார். கையில் பஜ்ஜி.

"ஐயா."

"கண்டுக்காத பாப்பா. தின்னாமயே ஆறு மாசம் பேச்சு வாங்கினேன். அதுக்கு ஒண்ணு." பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டார். "பேப்பர் இன்னா ஆச்சு?"

"வரும்ங்கய்யா."

அதற்குப் பிறகு சர்வீசுக்குப் போன இரண்டு முறையும் கேட்டார். விளையாட்டாகத்தான். "டிக்கெட்டு வந்துச்சா?" என்பார். அடுத்த முறை ஐயா என்பேன். அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போவார். அவர் இன்னும் நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஐயா அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். தூக்கத்தில், இதயம் நின்று. அந்த ஆறு மாதம் அவர் இதயத்துக்கு என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாதது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தால், இருக்காது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் போனேன். முந்தைய நாள் வீட்டில் உட்கார்ந்து, கம்பெனி தாளில் இல்லாமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருந்தேன். தண்ணீரில் உப்பு வந்தது மெஷினால். சமையலறைக்குத் தனி லைன் போடாமல் விட்டது நான். உடம்பில் உப்பு ஏற அவர் வெளியே எதையும் தின்னவில்லை. கீழே என் பெயர், கையெழுத்து, தேதி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"நேத்து தேதி போட்டிருக்குது."

"ஆமாம்மா."

"நீ வந்து சொன்ன அன்னைக்கே நான் நம்பிட்டேம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர்கிட்டதான் சொல்லல. பேப்பரு வரட்டும், அவர் எதிர்ல சத்தமாப் படிச்சுட்டு, சரிப்பா தோத்துட்டேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவருக்கு அது புடிக்கும். நீ வரப்பல்லாம் உன் கையத்தான் பாப்பேன்."

தாளை நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"காபி குடிச்சுட்டுப் போ" என்றார் உள்ளிருந்து. "கேன் தண்ணிதான்."